ரூபன் பாத்த நம்பர்

தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பதுன்னு நிக்கு. காலைல பல்லு தேச்சிட்டு வந்து பாத்தப்பவும் அதுதான், காப்பியக் குடிச்சிட்டுப் பாத்தப்பவும் அதுதான், இப்ப அரிசியக் களைஞ்சு உலையில போட்டுட்டு ஈரக்கையோட வந்து பாத்தா இன்னமும் அதேதான், அந்தப் புள்ளிக்குப் பொறவு இன்னும் நாலஞ்சு எண்ணக் காட்டுனா இவனுவளுக்கு என்ன கொறஞ்சா போவும், ஓடுதா நிக்குதான்னாவது தெரியுமில்லா. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள ஃபேன் சுத்துத சத்தம் கேக்கு. அப்ப ஓடுது. ஓடிக்கிட்டுதான் இருக்கு. மத்தியானம் ஸ்கூல்ல சாப்பாட்டு மணி அடிச்சதும் கூப்பிடுதேன் அத்தே, அதுக்குள்ள முடிஞ்சிரும்னு நாகர்கோவில்ல டீச்சரா இருக்க மருமவ ஷீபா சொல்லியிருக்கா. முடிஞ்சிருமா. முடியணும். முடிஞ்சு போயிருமேன்னும் இருக்கு. என் மவன் ரூபன் கடைசியாப் பாத்த நம்பர் இது. அவன் பாத்து முடிச்சு விடைய அனுப்புன மறுவாரம் கண்ண மூடிட்டான். தேசம் தேசமா இதே வேலையாத் திரியுத கூட்டம் ஒண்ணு இருக்கு, ஆளுக்கொரு நம்பர எடுத்து வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஓட விட்டுப் பாப்பாங்க, அவுக பட்டியல்ல அவன் பேருக்குப் பக்கத்துல இந்த விடை சந்தேகம்னு ஒரு குறியப் போட்டு வச்சிருக்கானுவ. அந்தக் குறிய எடுக்கணும். அதுக்குத்தான் நான் அதே நம்பர எடுத்து முதல்ல இருந்து பாக்கேன். எனக்கு வாற விடையும் அவனுக்கு வந்த விடையும் ஒண்ணா இருந்துட்டா எம்புள்ள பாத்தது சரின்னு ஆயிரும். இல்லன்னா. இல்லன்னான்னு நெனைக்காத ஞானப்பூ, போயி அடுப்பப் பாரு, கஞ்சி பொங்குத வாசன வருது.

பொங்கல, வாசனதான். அந்த நம்பர் என்னன்னு என் தங்கச்சி தங்கபுஷ்பத்துக்குப் புரிய வைக்கதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிட்டு. ரெண்ட எடுத்துக்கிடு, ரெண்டால பெருக்கு, நாலு, திரும்பவும் ரெண்டால பெருக்கு, எட்டு, இப்படியே ஆறரைக் கோடி ரெண்டுக்கு மேல ஒண்ணா பெருக்கிட்டுக் கடைசில ஒரே ஒரு ஒண்ணக் கழி, அதுதாட்டி நம்பர்னு சொன்னேன். எழுதுனா ரெண்டு கோடி இலக்கம் வரும்னேன். ‘அத வச்சு என்னக்கா வாங்கலாம்’னு கேக்கா. ‘ஒண்ணும் வாங்க முடியாது.’ ‘பொறவு எதுக்கு அந்தப் பெட்டிக்கு ராப்பகலா கரண்டு குடுக்க?’ ‘நீ எதுக்குட்டி ராப்பகலா சீரியல் பாக்க?’ ‘அதுல கதை இருக்கு.’ ‘இதுலயும் கதைதான், இத வேற எந்த நம்பராவது மீதியில்லாம வகுக்குமா வகுக்காதான்னு. எதுவும் வகுக்கலன்னா அது பகா எண்ணு, மூணு மாதிரி, ஏழு மாதிரி.’ ‘ஏழப் பாத்தாலே தெரியுது, இதுக்கு எதுக்கு மாசக்கணக்கு?’ன்னு கேட்டாளே பாக்கணும், எனக்குச் சிரிப்பு வந்துட்டு, இதே கேள்விய நானும் ரூபன்ட்ட கேட்டிருக்கேன், ‘எம்மா, ஏழு உங்க வீட்டுப் பிள்ள, பழகுன மொகம், அதான் பாத்ததும் தெரியுது’ன்னான். அவனுக்கு இந்தப் பைத்தியம் சர்ச்சு அசன விருந்துல ஆரம்பிச்சது. மூணாங்கிளாஸ் படிக்கான். உபதேசியார் அவனக் கூப்பிட்டு, ஏல, இந்த நாற்காலியெல்லாம் வரிசையாப் போடு, எல்லா வரிசையிலயும் ஒரே எண்ணிக்கை இருக்கணும்னு சொல்லிட்டுக் குழம்பு வைக்குத இடத்துக்குப் போயிட்டாரு. முப்பத்தேழு நாற்காலி. மூணு மூணாப் போட்டான், ஒண்ணு மிஞ்சுது. அஞ்சஞ்சாப் போட்டான், ரெண்டு மிஞ்சுது. ஒண்ண எடுத்து ஓரமா வச்சிருன்னு எல்லாப் பிள்ளையளும் சொல்லுது, எந்த நாற்காலிய ஓரமா வைக்கதுன்னு இவன் அழுதுக்கிட்டு நிக்கான். கடைசில என்ன செஞ்சான், பீடத்துக்கிட்ட இருந்து கேட்டு வரைக்கும் முப்பத்தேழையும் ஒரே நீள வரிசையாப் போட்டுட்டான். சாப்பிட வந்த சனமெல்லாம் இது என்ன ரயிலான்னு கேட்டுச்சு. உபதேசியாருக்குக் கோவம், ரயில் ஓட்டுதியால ரூபா, வரிசை போடக் கூடத் தெரியாதா உனக்குன்னு காதத் திருகுனாரு. அன்னைக்கு ராத்திரி காதுல எண்ணெய் தடவிக்கிட்டே, ஏம்ல அழுதன்னு கேட்டேன், ‘ஒண்ண வெளிய நிறுத்தாம வேற எப்படியும் போட முடியாதும்மா, நான் எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன்’ன்னு சொன்னான். எண்ணெய் நல்ல வெளக்கெண்ணெய், கொட்டாரத்துச் செக்குல எங்க அம்மா வாங்கி அனுப்புனது, இப்ப அந்தச் செக்கும் இல்ல. எங்க போறேன் நான், செக்குக்கு எதுக்குப் போறேன். புள்ளி ஒம்பது. அப்படியேதான் நிக்கு.

இத எப்படிப் பாக்கதுன்னு அவன் சொல்லித் தந்தது எனக்கு அட்சரம் பிசகாம மனசுல இருக்கு, திருநெல்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆப்பரேட்டரா உக்காந்து ஊரு பேரும் நம்பரும் மனப்பாடமா ஒப்பிச்சவ நான், மறக்குமா. நாலுல ஆரம்பிக்கணும். நால நாலால பெருக்கி ரெண்டக் கழி, பதினாலு. பதினால அதே பதினாலால பெருக்கி ரெண்டக் கழி, நூத்துத் தொண்ணூத்தி நாலு. இப்படியே போவணும், நம்ம நம்பர விடப் பெருசாயிட்டா நம்ம நம்பரால வகுத்து மிச்சத்த மட்டும் வச்சிக்கிடணும், அந்த மிச்சத்த திரும்பப் பெருக்கணும், ரெண்டக் கழிக்கணும், அப்படி ஆறரைக் கோடிக்கு மேல தடவ. கடைசில மிச்சம் சைபர்னு வந்துட்டா அது பகா எண்ணு. ‘இம்புட்டும் செஞ்சு கடைசில கையில ஒண்ணும் இல்லன்னா அதுக்குப் பேரு செயிச்சதா?’ன்னு கேட்டேன். ‘ஆமாம்மா, அதுக்குத்தான் உலகம் பூராவும் ஏங்கிக்கிட்டு இருக்கு’ன்னான். இன்னொண்ணும் சொன்னான், கம்ப்யூட்டர் பாஷையில ஒண்ணும் சைபரும் மட்டும்தான் எழுத்தாம், அதுல இந்த நம்பர எழுதுனா முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒண்ணு ஒண்ணு ஒண்ணு ஒண்ணுதானாம், நடுவுல ஒரு சைபர் கூடக் கிடையாதாம். கோடிக்கணக்குல ஒண்ணு வரிசையா நிக்கு. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல மூச்சு விட இடமில்ல. ரூபனுக்குச் சைபர் வரல. வேற ஏதோ மிச்சம் வந்துச்சு, அப்ப அது பகா எண்ணு இல்ல, ஏதோ ஒரு நம்பர் அதை வகுக்கும். எது வகுக்கும்னு கேட்டேன். தெரியாதுன்னான். அது எப்படில, வகுக்கும்னு தெரியுது, எதுன்னு தெரியலையான்னு கேட்டேன். ‘இந்தக் கணக்கு அத மட்டும்தாம்மா சொல்லும், உள்ள எங்கயோ பிளவு இருக்குன்னு சொல்லும், எந்த இடத்துலன்னு சொல்லாது, அதக் கண்டுபிடிக்கணும்னா இன்னும் ஆயிரம் வருசம் ஆனாலும் ஆவும்’ன்னான். எனக்கு அன்னைக்கு அது சும்மா ஒரு கணக்கு. பொறவு பெரியாஸ்பத்திரி வராந்தாவுல டாக்டர் பிள்ள, சின்னப் பொண்ணு, என் கையப் பிடிச்சிக்கிட்டு, ‘இதயம் நின்னுட்டும்மா, ஆனா ஏன்னு எங்களால சொல்ல முடியல, உடம்பத் திறந்து பாத்தும் ஒண்ணும் தெரியல’ன்னு சொன்னப்ப எனக்கு இவன் சொன்னதுதான் காதுல கேட்டுச்சு. இதயம் நின்னு போயித்தான எல்லாரும் சாவுதாங்க. அது ஒரு பதிலா. ராத்திரி ரசஞ்சோறு சாப்பிட்டான், அப்பளம் இன்னொண்ணு குடுங்கன்னு கேட்டான், குடுத்தேன், காலைல எழுப்பப் போனா கட்டில்ல சுவரப் பாத்துப் படுத்திருக்கான், தோளத் தொட்டேன். தோளு. வேண்டாம், வெளிய மீன்காரி சத்தம் குடுக்கா, இன்னைக்கு மீன் வாங்கல, போயிட்டு நாளைக்கு வா பிள்ள.

சொந்தக்காரன் வாயி இருக்கே. அடக்கம் முடிஞ்ச அன்னைக்கே பந்தல்ல உக்காந்துக்கிட்டு அவனோட சித்தப்பன், ‘எப்பப் பாத்தாலும் நம்பர் நம்பர்னு அந்தப் பெட்டி முன்னால இருந்தான், மூளை சூடாயிருக்கும், கடைசி ரெண்டு மூணு மாசமா ஆளே ஒரு தினுசாத்தான இருந்தான்’ன்னு சொல்லுதாரு. என்ன தினுசு. உமக்கு என்ன தெரியும். பெட்டிதான் சூடாச்சு, அவன் இல்ல. அக்கினி வெயில்ல அந்தப் பழைய கம்ப்யூட்டர் ரெண்டு தடவ தப்பு பண்ணிட்டு, ரெண்டு நம்பருக்குத் தப்பா விடை சொல்லிட்டு. அது என்ன கொடுமைன்னா நடுவுல ஒரே ஒரு இடத்துல ஒரே ஒரு ஒண்ணு சைபரா மாறிட்டாப் போதும், பொறவு அது பாட்டுக்குப் பெருக்கும், கழிக்கும், வகுக்கும், எல்லாஞ் சரியாத்தான் செய்யும், ஆனா எல்லாந் தப்பு, கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. மனுசனுக்குள்ளயும் அப்படி ஒண்ணு எப்பவோ எங்கயோ புரண்டு போயி அதுக்குப் பொறவும் அவன் பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டுச் சோறு தின்னுக்கிட்டு அப்பளம் கேட்டுக்கிட்டு இருப்பானோ. இந்த இடத்துக்கு வந்தா எனக்குத் தாண்ட முடியல, எத்தன நாளா இதே இடத்துல வந்து முட்டிக்கிட்டு நிக்கேன். ரூபன் அந்தப் பெட்டியத் திறந்து தூசி தட்டி, உள்ள ஒரு பலகைய மாத்தி, ‘சரி பண்ணிட்டேம்மா, இனிமே தப்பு வராது’ன்னு சொல்லிட்டுத்தான் இந்தக் கடைசி நம்பர ஓட விட்டான். ஆனா முன்னால ரெண்டு தப்பு விழுந்த பெட்டின்னு இதுக்கும் குறியப் போட்டுட்டானுவ. சரி பண்ணிட்டேன்னு அவன் சொன்னான். சொன்னானில்லா. அது உண்மைன்னு ஒருத்தராவது சொல்ல வேண்டாமா.

நான் புதுப் பெட்டி வாங்கப் போனப்ப வண்ணாரப்பேட்டைக் கடைக்காரன், ‘பாட்டி, பேத்திக்கா, கேம் ஆடவா?’ன்னு கேக்கான். எனக்குத்தாம்ல, பகா எண்ணு பாக்கன்னேன். அவன் உள்ள போயி இன்னொருத்தன்ட்ட மெதுவா என்னமோ சொல்லுதான், ரெண்டு பேரும் வந்து என்ன எட்டிப் பாக்கானுவ. சிரிச்சா சிரிக்கட்டும். ஷீபா வந்து எல்லாம் போட்டுக் குடுத்தா. அதுல நாங்க ஒரு மடத்தனம் பண்ணோம். பெட்டி யாரு பேர்ல ஓடணும்னு கேட்டுச்சு, அவ நிமிந்து என்னப் பாத்தா, நான் அவளப் பாத்தேன், ரூபன் பேரையே போட்டுட்டோம். வேற என்ன போட. அவன் பேரு அங்க உசுரோட இருக்கட்டும், இன்னைக்கு ரூபன் இவ்வளவு பாத்தான்னு பட்டியல்ல வருமில்லா, நான் தெனமும் அதப் பாத்து, சபாஷ்ல, நல்லாப் போறன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பாதிக்கு மேல ஓடிட்டு. அப்பதான் அந்தக் கூட்டத்துல ஒருத்தரு ஷீபாவுக்கு எழுதுதாரு, ஒருத்தரே ரெண்டு தடவ பாத்தா செல்லாது, ரெண்டாவது ஆளு வேற ஆளா இருக்கணும், முதல் ஆளோட ஒட்டுறவே இருக்கக் கூடாதுன்னு. இதக் கேட்டுட்டு ரெண்டு நாளு நான் அந்தப் பெட்டிப் பக்கம் போவல. அவன் எனக்குள்ள இருந்து வந்த பிள்ள. நானும் அவனும் வேற வேற ஆளுன்னு நான் எழுதிக் குடுக்கணுமாம், அப்பதான் நான் அவனுக்குச் சாட்சி சொல்ல முடியுமாம். ஓடுனத நிறுத்திட்டு ஷீபாதான் என் கையப் பிடிச்சு ஒவ்வொரு எழுத்தா அடிக்க வச்சா, ஞானப்பூன்னு. திரும்ப நாலுல இருந்து ஆரம்பிச்சேன். அன்னைல இருந்து மத்தவுக முந்த முந்த அவன் பேரு பட்டியல்ல கீழ கீழ எறங்கிட்டே போவுது. நான் பாக்கதில்ல. பாக்கதில்லன்னு சொல்லுதேன், பாப்பேன்.

கரண்டு போயிரக் கூடாது. போனாலும் விட்ட இடத்துல இருந்து ஓடுமாம், அதெல்லாம் வாயிக்குச் சொல்லலாம். எக்ஸ்சேஞ்சுல ஒரு தடவ இப்படித்தான், பம்பாய்ல இருந்து ஒருத்தரு ஞாயித்துக்கிழமையானா திசையன்விளைக்கு ட்ரங்க் கால் போடுவாரு, பக்கத்துக் கடை போனுக்கு அவுக அம்மா வந்து நிக்கும், அங்க மழை உண்டாம்மான்னு கேப்பாரு, இல்ல ராசான்னு அது சொல்லும், அம்புட்டுதான் பேச்சு, மூணு நிமிசத்துல மிச்சமெல்லாம் சும்மாவே நிப்பாங்க, நான் நடுவுல கேட்டுக்கிட்டு இருப்பேன். எவளாவது ஒருத்தி லைனக் கட் பண்ணப் போனா நான் அடிச்சிருவேன். பேசலன்னா என்ன, அந்தப் பக்கம் ஆளு இருக்கில்லா. நானும் இப்ப அப்படித்தான உக்காந்திருக்கேன். சோறு வெந்திருக்கும். வடிக்கணும். எந்திரிச்சா கண்ண மூடித் திறக்குததுக்குள்ள முடிஞ்சிருமோன்னு பயம். எந்திரிச்சேன், வடிச்சேன், கையில கஞ்சியக் கொட்டிக்கிட்டேன், தண்ணியில காட்டிட்டு வந்து பாக்கேன், தொண்ணூத்தொம்பதக் காணோம். நூறு. நூறுக்குக் கீழ ஒரு வரி. யேசப்பா, வந்துட்டு. மிச்சம் பூராவும் எழுதுனா இதுவும் ரெண்டு கோடி இலக்கம் இருக்கும், அதனால வாலுல கொஞ்சத்த மட்டும் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்து, அத வச்சுத்தான் ஒத்துப் பாக்கணும். கண்ணு தெரிய மாட்டேங்குது, கண்ணாடி தலையிலதான் இருக்கு.

போன் அடிக்கு. ‘அத்தே, வந்துட்டா?’ வந்துட்டு பிள்ள. ‘சொல்லாதிங்க, சொல்லாதிங்க, நான் அவுகளுதப் படிக்கேன், நீங்க உங்களுதோட பாருங்க.’ அவளுக்கு மூச்சு வாங்குது, ஸ்கூல் மாடிக்கு ஓடி வந்திருப்பா. படிட்டி. ‘சி.’ சி இருக்கு. ‘மூணு.’ மூணு. ‘ஏழு.’ ஏழு. ‘ஏ.’ ஏ இருக்கு, மேல போ. ‘சைபர். பி. ரெண்டு.’ ஒவ்வொண்ணாச் சொல்லுட்டி, ஓடாத, சைபர் இருக்கு, பி இருக்கு, ரெண்டு இருக்கு. ‘அத்தே.’ அழாத, படி. ‘இம்புட்டு ஒத்துப்போனா எல்லாமே ஒத்துப்போவும் அத்தே, தப்பான பெட்டின்னா மொத எழுத்துலயே மாறியிருக்கும்.’ எனக்குத் தெரியும், நீ கடைசி வரைக்கும் படி. ‘எட்டு. டி. டி. நாலு.’ எட்டு, டி, இன்னொரு டி, நாலு. படிச்சுக்கிட்டே போறா, நான் விரல வச்சுக்கிட்டே போறேன், ஒரு இடத்துலயும் விரல் தட்டல. ‘அவ்வளவுதான் அத்தே.’ அவ்வளவுதான். அந்தப் பக்கம் பிள்ளையளு சாப்பாட்டு டப்பா தட்டுத சத்தம் கேக்கு. பொறவு ஷீபா சொல்லுதா, ‘குறி போயிட்டு அத்தே. இப்பதான் பாத்தேன். அவுக பேரு இருக்கு, கீழ உங்க பேரு இருக்கு, சரின்னு போட்டுட்டாங்க.’ அப்ப இனி? ‘இனி ஒண்ணும் இல்ல. இந்த நம்பர இனி யாரும் எடுக்க மாட்டாங்க, தேவையில்லையில்லா.’ யாருமேவா? ‘யாரும் எடுக்க மாட்டாங்க அத்தே.’ அவ மூக்க உறிஞ்சிட்டுச் சிரிக்கா, எத்தன காலமாச்சு அவ சிரிச்சு, ‘சின்ன மாமா பந்தல்ல என்னெல்லாம் சொன்னாரு, மூளை சூடாச்சு, தினுசா இருந்தாருன்னு. பாத்தீங்களா, கடைசி வரைக்கும் அவுக தெளிவா இருந்திருக்காங்க, சரி பண்ணிட்டேன்னு சொன்னது சரிதான், எல்லாமே சரியா இருந்திருக்கு.’ ஆமாட்டி. ‘மணி அடிச்சிட்டு, சாயங்காலம் கூப்பிடுதேன், நீங்க சாப்பிடுங்க.’ சாப்பிடுதேன். போன வச்சிட்டுத் திரும்புனா பெட்டி எனக்காகக் காத்திருக்கல, அதுவா வேற ஒரு நம்பர எடுத்துக்கிட்டு ஓட ஆரம்பிச்சிட்டு, யாரோ எந்த ஊர்லயோ எப்பவோ பாத்த நம்பர். இருக்கட்டும், ஓடட்டும். சந்தோசப்படு ஞானப்பூ, இதுக்குத்தான இருந்த. எம்புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. சந்தேகம்னு அங்க ஒரு குறி கெடந்த வரைக்கும், எங்கயோ என்னமோ புரண்டு போச்சு, ஒரு தப்பு நடந்துட்டு, அதனாலதான்னு ராத்திரி சாஞ்சு படுக்க எனக்கு அது ஒண்ணாவது இருந்துச்சு, இப்பத்தான் தெரியுது, அதப் பிடிச்சிக்கிட்டுத்தான் இம்புட்டு நாளும் எந்திரிச்சு நடந்திருக்கேன், அத எடுக்கணும்னு நானே நின்னு எடுத்துட்டேன். எல்லாஞ் சரியாத்தான இருந்திருக்கு. மொத எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் ஒரு இடத்துலயும் தப்பில்லையே ராசா, நானே பாத்துட்டேனே. பொறவு ஏம்ல?